ஐம்பத்தொரு வயதுக்கு ஒரு சத்தியக் கடதாசி

கறுப்பையா வீட்டு ஆண்கள் ஐம்பத்தொரு வயதைத் தாண்ட மாட்டார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்த பேச்சு. அங்கே அதற்குச் சொன்ன காரணம், கறுப்பையாவின் அப்பா அழகையா, முனியாண்டி குடியிருந்த மரத்தை வெட்டிவிட்டார் என்பது. பேச்சு பஸ் ஏறித் தெல்தெனியவில் இறங்கியபோது மரம் போய்க் கசிப்புச் சாராயம் வந்திருந்தது. கெலிஓயாவுக்கு வந்து சேர்வதற்குள் கசிப்பும் போய்ச் செய்வினை ஆகிவிட்டது. காரணம்தான் ஊருக்கு ஊர் மாறியது, ஐம்பத்தொன்று மாறவில்லை. இந்த நாட்டில் மலையிலிருந்து பட்டணம் வரை ஒரே விலையில் வந்து சேர்ந்த சரக்கு அது ஒன்றுதான்.

ஆதாரமும் இருந்தது. அழகையா 1951இல் உர மூட்டையோடு மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. மூத்த மகன் கறுப்பையா 1976இல் கவ்வாத்துக் கத்தி கையிலிருக்கச் செடிமேல் சாய்ந்தார். இளைய மகன் சன்னாசி 1978இல் கூட்டுறவுக் கடை வரிசையில், அவர் முறை வர இரண்டு பேர் இருக்கும்போது விழுந்தார். மூன்று மரண அத்தாட்சிப் பத்திரங்களிலும் வயது என்ற இடத்தில் ஒரே இலக்கம்: 51. பத்திரங்கள் மூன்றும் கறுப்பையாவின் மூத்த மகன் ராஜலிங்கத்திடம் பொலித்தீன் உறையில் பத்திரமாக இருந்தன. அப்புறம் அதை வதந்தி என்று எப்படிச் சொல்வது?

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜலிங்கத்துக்கு ஐம்பது வயதும் நாலு மாதமும் ஆகியிருந்தன. கெலிஓயாவில் குடியிருப்பு. தொழில் கண்டியில், மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும் தெருவோரம், ஹபீல் நாநாவின் போட்டோ கொப்பிக் கடைக்கு முன்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு தமிழ் டைப்ரைட்டர். கடிதம், மனு, விண்ணப்பம் எல்லாம் அடித்துக் கொடுப்பார். ஆனால் அவருக்குச் சோறு போட்டது வயதுதான். பிறப்புப் பதியாத தோட்டத்துச் சனங்கள் அடையாள அட்டைக்கும் பிரஜாவுரிமைக்கும் வருவார்கள். அவர்கள் பிறந்த நாளைக் கண்டுபிடித்துச் சத்தியக் கடதாசி அடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்க அனுப்புவது அவர் வேலை.

"இங்கிலாந்து மகாராணி கண்டிக்கு வந்தப்ப நீங்க நடந்தீங்களா, தவழ்ந்தீங்களா?"

"அம்மா இடுப்புல தூக்கிட்டு வந்து காட்டுனாங்களாம்யா."

"ராணி வந்தது அம்பத்து நாலு. அப்ப நீங்க ஆயிரத்துத் தொளாயிரத்து அம்பத்து மூணு. ஜனவரி ஒண்ணு."

"மாசம் தையி இல்லீங்களே, மழைக்காலம்னு சொன்னாங்க."

"கச்சேரியில மழை பெய்யாது ஆத்தா. ஜனவரி ஒண்ணு."

இப்படி அவர் கையால் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருந்தார்கள். எல்லோரும் கேக் வெட்டக் கிளம்பினால் கண்டியில் உள்ள பேக்கரிகள் தாங்காது. ஒரு வயது எப்படித் தயாராகிறது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்தத் தெருவில் இல்லை. அப்படிப்பட்டவர் தன் வீட்டு ஐம்பத்தொன்றைச் சந்தேகிக்கவே இல்லை.

சந்தேகிக்காததில் ஒரு சுகமும் இருந்தது. ஐம்பத்தொன்றில் போவது உறுதி என்றால், அதற்கு முன் ஒன்றும் ஆகாது என்பதும் உறுதி. அடுத்த மார்ச் வரைக்கும் கியாரண்டி. ஆகவே சோற்றுக்குப் பிறகு இரண்டு சிகரெட். கருவாட்டுப் பொரியல். கிளினிக் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் உழைக்கக்கூடிய எதையும் அவர் வாங்குவதை நிறுத்தியிருந்தார். சப்பாத்துக்குப் புது அடித்தோல்தான் போட்டார். கண்ணாடிக்குக் காது ஒடிந்தபோது நூல் கட்டினார். வாழ்வதில் ஆசையில்லை என்று சொல்ல முடியாது, அலுப்பு. பஸ் வரும் நேரம் தெரிந்த பிரயாணி பெட்டியைத் திறக்கச் சோம்பல்படுவது போன்ற அலுப்பு.

"என்னாங்க, குசினித் தகரம் ஒழுகுது. மாத்துங்களேன்" என்பாள் மனைவி ஞானேஸ்வரி.

"இன்னும் எட்டு மாசத்துக்குத் தாங்கும்."

"அதுக்கப்புறம் நான் மட்டும் நனையணுமா?"

பிள்ளைகள் இல்லாத வீடு. ஞானேஸ்வரிக்குச் சண்டைபிடிக்க அவரை விட்டால் ஆளில்லை. அந்த ஆளும் தவணைக் கணக்கில் இருந்தார்.

அந்த ஜூலையில்தான் தம்பி செல்லப்பா ஒழுங்கை மீறினான்.

செல்லப்பா மரக்கறி லொறி ஓட்டுபவன். மாத்தளையிலிருந்து வரும்போது அக்குறணைக்குக் கிட்ட நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல இருந்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்தான். வாயு போகவில்லை, தாடை வரை ஏறியது. லொறியை ஓரங்கட்டி, பிரேக்கையும் போட்டுவிட்டு மயங்கினான். கடைக்காரர்கள் தூக்கித் திரீவீலரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தான். வயது முப்பத்தெட்டு. அவன் பிறந்த நாள் ஆஸ்பத்திரியில் பிறந்து பதிந்த நாள், அதில் சந்தேகமில்லை.

முப்பத்தெட்டு! ராஜலிங்கத்துக்கு முதலில் வந்தது பயமல்ல, ஒரு மனத்தாங்கல். வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்றவன் முந்திப் போனால் வருமே, அது.

ஆஸ்பத்திரி வாட்டில் செல்லப்பாவைப் பார்த்த டொக்டர் றிஸானா சின்னப் பெண். கண்களில் தூக்கமில்லை. அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், குதிகாலுக்கு மேலே நரம்பைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு கட்டிலருகே நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கூடப் பிறந்தவரா? செருப்பைக் கழட்டுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல டொக்டர்."

"கழட்டுங்களேன்." அவள் குனிந்து அவர் குதிகால் நரம்பை இரண்டு விரலால் பிடித்தாள். கயிறுபோல இருக்க வேண்டிய இடம் கட்டை விரல் தடிப்பில் இருந்தது.

"அது மலை ஏறின கால் டொக்டர். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

"மலை ஏறினா இது தடிக்காது. இது கொழுப்பு, நரம்பில படிஞ்சிரிக்கி. உங்கட தம்பிக்கு கொலஸ்ட்ரோல் முன்னூத்தித் தொண்ணூத்தொண்டு. சாப்பாட்டால மட்டும் இப்படி ஏறாது. ஈரல் கெட்ட கொழுப்பை ரத்தத்தில இருந்து பிடிச்சு எடுக்கணும். பிடிக்கிற கை உங்கட குடும்பத்தில பாதிதான். பிறக்கக்குள்ளயே அப்படி. சின்ன வயசிலேயே குழாயில படிய வெளிக்கிட்டிடும். நெஞ்சில அடைச்சா ஹார்ட் அட்டாக், மூளைக்குப் போற குழாயில அடைச்சா பாரிசவாதம். தகப்பனுக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி."

"அப்ப இது சாபந்தானே டொக்டர்?"

"சாபத்துக்கு என்கிட்ட மருந்தில்ல. இதுக்கு ராவைக்கு ஒரு குளிசை இருக்குது. நீங்களும் ரத்தம் பாக்கணும். அப்பா எத்தன வயசில காலமானார்?"

"அம்பத்தொண்ணு. தாத்தா அம்பத்தொண்ணு. சித்தப்பா அம்பத்தொண்ணு."

டொக்டர் பேனாவை நிறுத்தினாள். "மூணு பேரும்?"

"அத்தாட்சிப் பத்திரம் இருக்கு."

"வயசை எழுதினது ஆரு?"

கட்டிலில் படுத்தவாறே செல்லப்பா சிரித்தான். சிரிப்பு நெஞ்சில் வலித்தது. "அதத்தான் டொக்டர் அண்ணேகிட்டக் கேக்கணும். இவருதான் வயசு யாவாரி."

ராஜலிங்கத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருடமாக மற்றவர்களைத் தான் கேட்டுவந்த கேள்வியை அவர் தன் பொலித்தீன் உறையிடம் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மஹியங்கனை பஸ்ஸில் ஏறி ஹுன்னஸ்கிரியவில் இறங்கினார். அங்கிருந்து அக்கா பாப்பம்மாவின் லயத்துக்கு நடை, ஏற்றம். முன்பு ஒரே மூச்சில் ஏறிய படிகளில் மூன்று இடத்தில் நின்றார். நின்ற ஒவ்வொரு இடத்திலும் தேயிலையை ரசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை ரசிக்க யாரும் இல்லை.

பாப்பம்மாவுக்கு ஐம்பத்தைந்து. கொழுந்து எடுத்து ஓய்ந்த கை. இரண்டு கண்களுக்கும் மூக்குப் பக்கமாக இமையில் மஞ்சள் தடிப்பு, உளுந்தை ஒட்டவைத்த மாதிரி. தோட்டத்தில் அதற்கு லெச்சுமி மச்சம் என்று பெயர்.

"இதப் பாத்துத்தான் என்னைப் பொண்ணு எடுத்தாங்க தம்பி. எங்க மாமியா சொல்லுவா, கறுப்பையா வீட்டுப் புள்ளைங்க கண்ணுலயே காசு ஒட்டியிருக்குன்னு. அப்பாவுக்கும் இருந்துச்சு. ஒனக்குத்தான் இல்ல."

அவர் உறையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "அக்கா, அப்பா சாகையில என்னா வயசு?"

"அதான் கடுதாசியில இருக்கே. படிச்சவன் நீ."

"எழுதுனது யாரு?"

"டிஸ்பென்சரி ஐயா. தோட்டத்துச் செக்ரோல் பேரேட்டப் பாத்து."

"செக்ரோல்ல எழுதுனது?"

பாப்பம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே குந்தினாள். "அதுக்கு ஒரு கூத்து நடந்துச்சு. அப்பாவுக்கு வேலைக்குப் பேர் பதிய தாத்தா கணக்கப்பிள்ளைக்கு ரெண்டு சேவலு குடுத்தாராம். சின்னப் பயன்னு சொன்னா அரைப்பேரு, அரைச் சம்பளந்தான் போடுவாங்க. ஆளு நெட்டையா இருந்தாரா, பதினெட்டுன்னு எழுதிட்டாங்க. தொரை ஏறெடுத்தும் பாக்கல."

"அப்ப உண்மையான வயசு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ராஜலிங்கம் கோப்பையை வைத்தார். குரல் தானாகவே மேசைக் குரலாக மாறியது. "பாலம்மா அத்தை அப்பாவுக்கு மூத்தவங்களா, இளையவங்களா?"

"இதென்னா கேள்வி? அப்பா அவங்கள அக்கான்னுதானே கூப்பிடுவாரு. மூணு வயசு மூப்பு. புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளைக் காம்பராவுல தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்னு அத்தை சொல்லிச் சொல்லி என் காது புளிச்சுப்போச்சு."

அத்தையின் பிறப்பு ஒழுங்காகப் பதியப்பட்டது, 1927. அத்தைக்கு விதவைப் பணத்துக்கு மனு அடித்துக் கொடுத்ததே ராஜலிங்கம்தான். மரணப் பத்திரத்தின்படி அப்பா பிறந்தது 1925. அக்காவுக்கு இரண்டு வருடம் முன்னால் தம்பி பிறந்திருக்கிறான். இரண்டு பேப்பரும் ஒரே ஆளின் கையில், ஒரே உறையில், கால் நூற்றாண்டாக இருந்திருக்கின்றன.

1930. அப்படியென்றால் செக்ரோலில் பதினெட்டு என்று ஏறியபோது அப்பாவுக்குப் பதின்மூன்று. கவ்வாத்துக் கத்தியோடு சாய்ந்தபோது நாற்பத்தாறு.

"சித்தப்பா?"

"சித்தப்பா செத்தப்ப டிஸ்பென்சரி ஐயா அம்மாகிட்டத்தான் கேட்டாரு, என்னா வயசுன்னு. அம்மா அழுதுகிட்டே, அவுங்க அண்ணன் அளவு இருக்கும்யான்னாங்க. அவரு பழைய புத்தகத்தப் பொரட்டி அண்ணன் வயசையே எழுதிட்டாரு. சித்தப்பா அப்பாவுக்கு நாலு வயசு இளமை."

நாற்பத்துநாலு. "தாத்தா?"

"தாத்தாவா?" பாப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "இந்தியாவுலருந்து வந்த ஆளு எல்லாத்துக்கும் அந்தக் காலத்து ஐயா பொறந்த வருசம் ஆயிரத்துத் தொளாயிரம்னுதான் போடுவாராம். கழிக்க லேசாம்."

1951இல் செத்தால் ஐம்பத்தொன்று. 1940இல் செத்திருந்தால் நாற்பது. ராஜலிங்கம் ஆத்திரப்பட முயன்றார், முடியவில்லை. முகம் தெரியாத அந்த டிஸ்பென்சர்மீது ஒரு தொழில் மரியாதைதான் வந்தது. ஜனவரி ஒன்றுக்கு அவர்தான் மூத்தவர்.

திரும்பும் பஸ்ஸில் முதல் அரை மணித்தியாலம் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவை நாலு வருடம் முந்தியாயிற்று, சித்தப்பாவை ஆறு வருடம். தெரியாமலே ஜெயித்திருக்கிறார். விக்டோரியா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் கண்ணில் பட்ட இடத்தில் கணக்கு மறுபக்கம் திரும்பியது. ஐம்பத்தொன்று பொய் என்றால் அடுத்த மார்ச் வரைக்குமான கியாரண்டியும் பொய். நாற்பத்தாறு, நாற்பத்துநாலு, முப்பத்தெட்டு. இந்த வீட்டில் மரணத்துக்குத் திகதி இல்லை. நாளைக்கும் வரலாம். இந்த பஸ்ஸிலும் ஏறலாம். அவர் எழுந்து முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார்; ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

டொக்டர் றிஸானா புது வயதுகளைக் குறித்துக்கொண்டாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் போட்டு ஒரு தாளில் குடும்பத்தையே வரைந்திருந்தாள். இப்படி ஒரு வரைபடத்தை ராஜலிங்கம் எந்தக் கச்சேரியிலும் கண்டதில்லை. கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"ஆனா நான் தாண்டிட்டேனே டொக்டர்."

"பஸ் லேட்டானா, இனி வராதுண்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா? பன்ரெண்டு மணித்தியாலம் வெறும் வயித்தோட வாங்க. அக்காவையும் கூட்டி வாங்க."

"எங்க வீட்டுல ஆம்பளைகளுக்குத்தான்..."

"பாலம்மா அத்தை எப்படி மௌத்தானாங்க?"

அத்தை அறுபது வயதில் ஒரு பக்கம் இழுத்துப்போய், வாய் கோணி, எட்டு மாதம் கிடந்து போனாள். அது வாதம் என்று தனிக் கணக்கில் இருந்தது. டொக்டர் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.

வெறும் வயிறு என்பது சுலபமான காரியம் என்று நினைப்பவர்களுக்கு ஹபீல் நாநாவின் கடையைத் தெரியாது. நாநாவின் மனைவி கைரியா தினமும் காலை ஏழரைக்கு ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி அனுப்புவாள், இரண்டு பேருக்கு. முதல் தடவை ராஜலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சும்மா மேசையை எட்டிப் பார்க்க வந்தார். பிளாஸ்க் திறந்திருந்தது. இரண்டாவது தடவை, வந்ததை மறுத்தால் கைரியா மனம் நோவாள் என்று குடித்தார். மூன்றாவது தடவை காரணம் தேடவே இல்லை.

"லிங்கம், உண்மையச் செல்லுங்க. ஊசிக்குப் பயமா?" என்றார் ஹபீல் நாநா.

"ஊசிக்கு இல்ல நாநா. ஒரு நம்பர் இருந்துச்சு. அது போயிருச்சு. இப்ப இன்னொரு நம்பரக் கையில குடுத்துருவாங்க. அதையும் தூக்கிக்கிட்டு அலையணும். அலுப்பா இருக்கு."

"உங்கட பழைய நம்பர் கல்லு மாதிரி. தூக்கிக்கிட்டு இரிக்கத்தான் ஏலும். டொக்டர் குடுக்கிற நம்பர் குளிசை போட்டா எறங்குமாமே. எறங்குற நம்பரப் பாத்து பயப்படுற மனுசன நான் இப்பத்தான் காணுறேன்."

ராஜலிங்கம் ஒரு சிகரெட்டை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார். பற்றவைக்காமல் வைத்தது முதல் தடவை. நாநா கண்டும் காணாததுபோல் மெஷினுக்குத் தாள் நிரப்பினார்.

ஒக்டோபரில் நோன்பு பிறந்தது. பிளாஸ்க் நின்றது. நோன்பு இரண்டாம் நாள் காலை ஹபீல் நாநாவே கடையைப் பூட்டிவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

"நீங்க எதுக்கு நாநா?"

"வழியில நாலு சாப்பாட்டுக் கடை இரிக்கி. உங்கள நம்ப ஏலாது."

அங்கே பாப்பம்மா ஏற்கெனவே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். செல்லப்பா ஆள் விட்டு அவளை அழைப்பித்திருந்தான்: செத்துப் பிழைத்தவன் கூப்பிடுகிறேன், வராவிட்டால் நான் செத்தாலும் வராதே என்று. அவன் இரண்டு பிள்ளைகளோடு பக்கத்தில் நின்றான், இரண்டு சுற்று மெலிந்து. எல்லோரிடமும் ஒவ்வொரு குழாய் இரத்தம் எடுத்தார்கள்.

முடிவு அடுத்த வாரம் வந்தது. ராஜலிங்கம் 348. பாப்பம்மா 362. செல்லப்பாவின் மூத்த பையனுக்கு ஒன்றுமில்லை. ஆறு வயதுப் பெண்ணுக்கு இருந்தது. டொக்டர் சதுரங்களையும் வட்டங்களையும் கறுப்பாக்கிக்கொண்டே வந்தாள். சிறு வட்டத்தைக் கறுப்பாக்கும்போது செல்லப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இவளுக்குத்தான் ஆக லாபம்" என்றாள் டொக்டர், அவன் முதுகைப் பார்த்து. "ஆறு வயசில தெரிஞ்சிட்டுது. உங்களுக்கு முப்பத்தெட்டு வரைக்கும் ஆரும் செல்லல்ல."

பாப்பம்மா தன் இமையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது லெச்சுமி இல்லையா தாயி?"

"கொழுப்பும்மா."

"நாப்பது வருசமா இதுக்குக் குங்குமம் வச்சேன்" என்றாள் பாப்பம்மா. பிறகு அவள் அன்று முழுவதும் இமையைத் தொடவில்லை.

அந்தத் தாளில் ஒரு சதுரம் மட்டும் வெறுமையாக இருந்தது. சன்னாசியிடமிருந்து ஒரு கோடு இறங்கி அதில் முடிந்தது. டொக்டர் பேனா நுனியை அதன்மேல் வைத்தாள். "சித்தப்பாக்கு ஒரு மகன் இரிக்கிறாரெண்டு செல்லினீங்களே. அவர் எங்க?"

பாப்பம்மாதான் சொன்னாள். சித்தப்பாவின் ஒரே மகன் சந்தனம். தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து, 1981இல் தாயோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். கோத்தகிரிப் பக்கம். இருந்தால் நாற்பத்தைந்து வயது.

"தொடர்பு இல்லையா?"

"எண்பத்து மூணுல ஒரு லெட்டர் போட்டான். இந்தத் தம்பிகிட்டத்தான் கொண்டாந்து குடுத்தேன், பதில் எழுதச் சொல்லி. ஊருக்கே எழுதுறவன்." பாப்பம்மா ராஜலிங்கத்தைப் பார்த்தாள். "போட்டியாடா?"

"போடணும்" என்றார் ராஜலிங்கம்.

டொக்டர் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

அன்று பின்னேரம் கெலிஓயாவில் தகரப்பெட்டியின் அடியில் அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார். நீலத் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. தமிழரை அடித்த ஆடிக் கலவரம் நடந்து மூன்றாம் வாரம் எழுதியது. "அண்ணே, ரேடியோவில் கேட்டோம். அம்மா சாப்பிடவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். ஒரு வரி போதும். இப்படிக்கு, சந்தனம்." அந்த வாரங்களில் ராஜலிங்கம் அக்குறணையில், ஹபீல் நாநாவின் வாப்பா வீட்டில், டைப்ரைட்டரைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு ஒளிந்திருந்தார். கடிதம் கைக்கு வந்தபோது ஒரு மாதம் கடந்திருந்தது. பிந்திவிட்டதே, கொஞ்சம் விரிவாக எழுதுவோம் என்று ஒத்திவைத்தார். ஆறு மாதமானபோது மன்னிப்பும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. இரண்டு வருடமானபோது எதை எழுதினாலும் வெட்கம். பிறகு அது கடிதமாகவே இல்லாமல் பெட்டியின் அடித்தாளாகிவிட்டது.

"முகவரி இருக்குல்ல?" என்றாள் ஞானேஸ்வரி. "எழுதுங்க. அவனுக்கும் பொஞ்சாதி புள்ளை இருக்கும்."

மறுநாள் மேசையில் தாளை ஏற்றினார். கோத்தகிரி முகவரியை அடித்தார். "அன்புள்ள தம்பி சந்தனத்துக்கு" என்று அடித்தார். அடுத்த வரிக்குக் கை தானாகப் போயிற்று: நலம், நலமறிய ஆவல். ஆயிரக்கணக்கான கடிதங்களில் யோசிக்காமல் அடித்த வரி. நலம் என்றால் 348. நலமறிய ஆவல் என்றால், தம்பி, நீ இருக்கிறாயா? உன் குதிகாலைத் தொட்டுப் பார். சித்தப்பா செத்தது ஐம்பத்தொன்றில் இல்லை, நாற்பத்துநாலில். நீ அதைத் தாண்டிவிட்டாய், தாண்டியதாக நினைக்காதே. இருபத்திரண்டு வருடம் ஒரு வரி எழுதாதவன் இதையா முதல் வரியாக எழுதுவது?

"ஐயா, ஐடென்டிட்டிக்கு வயசு எழுதணும்" என்று ஒரு கிழவர் கதிரையில் வந்து உட்கார்ந்தார். ராஜலிங்கம் கோத்தகிரித் தாளை உருவி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வேறு தாள் ஏற்றினார். அவருக்குப் பின் ஒரு அம்மாள் வந்தாள். அவளுக்குப் பின் இரண்டு பேர்.

இரவுக் குளிசை ஒழுங்காகப் போகிறது; ஞானேஸ்வரி கையில் வைத்து விழுங்கும்வரை நிற்கிறாள். இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் 241 என்று வந்தது. குசினித் தகரம் மாற்றியாயிற்று. சந்தனத்தின் தாளை அவர் தினமும் ஒரு தடவை எடுத்து ஏற்றுகிறார். முகவரிக்குக் கீழே ஒரு வரிதான் வேண்டும். மார்ச் பிறந்து ஐம்பத்தொரு வயது நிறைந்த அன்றும் ஏற்றினார். பிறகு ஆள் வந்ததும் எடுத்துவிட்டார்.